செம்பூர் கூடத்துக்குள் எந்த நிலவறை இறங்கும்?

எங்கள் வீட்டுக் கூடம் 10 அடிக்கு 12 அடி. பகலில் அதுதான் வரவேற்பறை, மாலையில் பிள்ளைகள் படிக்குமிடம், இரவில் மாமியாரும் மகனும் பாய் விரிக்கும் அறை. மும்பை செம்பூரில் 16 ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறோம். இந்தக் கூடத்தில்தான் ஞாயிறு மாலைகளில் ஒரு நிலவறையைப் பரப்பி, நான்கு வீரர்களை அதற்குள் இறக்கி, இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பதற்குள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கியாக வேண்டும். அதற்கு ஏற்ற பலகை விளையாட்டு எது என்று ஆறு மாதமாகத் தேடினேன். சிலவற்றை நண்பர்கள் வீட்டில் ஆடிப் பார்த்தேன்; சிலவற்றின் விதிப்புத்தகத்தை மட்டும் வரிவிடாமல் படித்தேன். எதை ஆடினேன், எதைப் படித்தேன் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றாகாது.

இந்த வகை விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரர்களாக நாம் ஒரு பாதாளத்துக்குள் இறங்குகிறோம். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. எலும்புக்கூடு இருக்கலாம், புதையல் இருக்கலாம், காலடியில் பொறி இருக்கலாம். ஆயுதம் சேர்த்து, பலம் கூட்டி, ஆழத்தில் காத்திருப்பவனை வீழ்த்த வேண்டும். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, வீரர் வேடமேற்றுக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு வெளியானது. அடுத்த ஆண்டே டேவிட் மெகாரி வடிவமைத்த ‘டன்ஜன்!’ என்ற பலகை விளையாட்டு வந்தது. இன்று கடையில் இருப்பவை எல்லாம் அந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்.

பெட்டிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், யார் உட்காரப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். இந்தத் தாள்தான் கடைசியில் முடிவைச் சொன்னது. நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன். டோம்பிவிலியிலிருந்து வரும் என் தம்பி. அவனுக்கு ஷிப்ட் வேலை, மூன்று ஞாயிற்றில் ஒன்றுதான் விடுமுறை. பிறகு என் மாமியார். தமிழ் தவிர வேறு எழுத்துப் படிக்கத் தெரியாதவர். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்தில் புலி பிடித்தால் அவரை அசைக்க ஊரில் ஆள் இல்லை என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆக ஆறு பேர். ஆறு பேரும் சேர்ந்து உட்காரும் ஞாயிறு அபூர்வம்.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது குளூம்ஹேவன். ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து 2017இல் வந்தது. பெட்டி சுமார் 10 கிலோ, ஓர் அரிசிச் சிப்பத்தின் எடை. உள்ளே 95 சாகசங்கள். 17 வகை வீரர்களில் 6 பேரைத்தான் தொடக்கத்தில் எடுக்கலாம். மற்றவர்கள் மூடிய சிறு பெட்டிகளுக்குள் நம் கதை அவர்களை எட்டும்வரை காத்திருப்பார்கள். ஒரு வீரன் தன் வாழ்நாள் இலக்கை முடித்துவிட்டால் ஓய்வு பெற்றுப் போய்விடுவான். வரைபடத்தில் நாமே ஸ்டிக்கர் ஒட்டி ஊர்களைத் திறக்கிறோம்.

பவாயில் அலுவலகத் தோழி ஒருவர் வீட்டில் இதை மூன்று முறை ஆடினேன். இதன் உயிர் பகடையில் இல்லை, பகடையே கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் பத்து அட்டை அளவில் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல்பாதியையும் மற்றொன்றின் கீழ்ப்பாதியையும் செய்ய வேண்டும். மேல்பாதி பெரும்பாலும் அடி, கீழ்ப்பாதி பெரும்பாலும் நடை. கை தீர்ந்தால் ஓய்வெடுத்து அட்டைகளைத் திரும்ப வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு ஓய்விலும் போகும் ஓர் அட்டை, அந்தச் சாகசம் முடியும்வரை திரும்பாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து அட்டையோடு தொடங்குகிறவர், ஓய்வுக்கென்று தனிச் சுற்று எதையும் செலவழிக்காமல் இருந்தால் அதிகபட்சம் 25 சுற்றுகள் தாங்குவார். வலிமையான அட்டைகளோ ஒருமுறை வீசியதும் தொலைந்துபோகும் வகை. அவற்றில் ஒன்றை ஆரம்பத்திலேயே வீசினால் அந்த 25இலிருந்து பல சுற்றுகள் கழிந்துவிடும். அரக்கன் கையால் சாவதைவிடக் களைத்து விழுவதுதான் அதிகம். எதிரியின் அடியைவிட நம் மூச்சை எண்ணி எண்ணி நடக்க வேண்டும். இப்படியொரு பதற்றத்தை வேறு எந்த விளையாட்டிலும் நான் உணர்ந்ததில்லை.

அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் கட்டுக்குள். அடிக்கும்போது 20 அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறோம். ஆறு அட்டைகள் எதையும் மாற்றாது. ஐந்து ஒன்று கூட்டும், ஐந்து ஒன்று குறைக்கும். இரண்டு கூட்டுவது ஒன்று, இரண்டு குறைப்பது ஒன்று. அடியை இரட்டிப்பது ஒன்று, அடியை வீணாக்குவது ஒன்று. வீரன் வளர வளர அந்தக் கட்டிலிருந்து கெட்ட அட்டைகளைக் களைந்து நல்லவற்றைச் சேர்க்கலாம். தாயக்கட்டையை உருட்டிவிட்டுச் சாமியைக் கும்பிடும் ஆட்டம் இது இல்லை. நம் அதிர்ஷ்டத்தை நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குகிறோம்.

இவ்வளவு பிடித்தும் இதை வாங்கப் போவதில்லை. வாரம் தவறாமல் ஒரு சாகசம் ஆடினாலும் முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதுவும் அதே மூன்று நான்கு பேர். தோழி வீட்டில் நால்வரும் ஒரே அலுவலகம், ஒரே விடுமுறை. அவர்களுக்குச் சாப்பாட்டு மேசை ஒன்று இதற்கென்றே கிடக்கிறது. அப்படியும் தரைத்துண்டுகளைத் தேடிக் கோத்து, அரக்கர்களுக்குரிய அட்டைகளைப் பிரித்து வைக்க அரைமணி நேரம் பிடித்தது. எங்கள் கூடத்தில் அந்த அரைமணி ஒரு வீரனின் வாழ்நாள்.

அதன் தம்பியான ஜாஸ் ஆஃப் தி லயன் 2020இல் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மாதம் வரை இதைத்தான் வாங்குவதாக இருந்தேன். அதே அட்டை முறை, அதே பதற்றம். ஆனால் 25 சாகசங்கள், நான்கு வீரர்கள். தரைத்துண்டுகளே இல்லை. ஒரு சுருள்கம்பிப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் அந்தப் பக்கமே நிலவறை. எங்கள் மடக்கு மேசையில் அடங்கிவிடும். முதல் 5 சாகசங்கள் விதிகளைப் படிப்படியாகச் சொல்லித்தருகின்றன. முதல் நாளிலேயே பெரிய விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மகளும் நானும் கணவரும் இதைக் கடன் வாங்கி நான்கு ஞாயிறு ஆடினோம். மகள் வெடிகுண்டு வீசும் டெமாலிஷனிஸ்டை எடுத்தாள். அவள் கையில் 9 அட்டைதான், எங்களைவிட சீக்கிரம் களைத்துவிடும் வீராங்கனை. இரண்டாவது வாரத்திலேயே எந்த அட்டையை எப்போது இழப்பது என்று எங்கள் இருவருக்கும் சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டாள்.

தடை இரண்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஆங்கில வாசகம், அதுவும் சுருக்கமான, சட்டப் புத்தகம் போன்ற வாசகம். மாமியார் விளையாட வழியே இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால், ஆடுவது அவர் இல்லை, சொல்கிறவர்தான். அடுத்தது மகன். அவனால் படிக்க முடியும்; ஆனால் 12 சுற்றுக்குப் பிறகு தேவைப்படும் அட்டையை இப்போதே காத்துவைக்கும் பொறுமை 9 வயதில் வராது. பெட்டியிலும் 14 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. சில பெட்டிகளில் அந்த வயதைப் பொருட்படுத்த வேண்டாம், இதில் பொருட்படுத்துங்கள். கணவன் மனைவி இருவர் மட்டும், அல்லது வளர்ந்த பிள்ளைகளோடு மூவர் என்றால் தயங்காமல் இதையே வாங்குங்கள். காசுக்கு இதைவிட நிறைவான பெட்டியை நான் பார்க்கவில்லை.

அத்தையையும் மகனையும் மனதில் வைத்துத் தேடியபோதுதான் ஹீரோகுவெஸ்டுக்கு வந்தேன். பழைய விளையாட்டு. ஸ்டீபன் பேக்கர் வடிவமைக்க, மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து 1989இல் வெளியிட்டது. பல ஆண்டுகள் கிடைக்காமல் இருந்து, 2021இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவலான் ஹில் முத்திரையில் மறுபடி கொண்டுவந்தது. வாஷியில் உள்ள ஒரு தோழி வீட்டில் இதை ஆடினோம், நாங்கள் ஆறு பேரும், அந்த அபூர்வ ஞாயிறுகளில் ஒன்றில்.

இதில் ஒருவர் அரக்கர் பக்கம். அவர் பெயர் சார்கான். நிலவறையின் வரைபடம் அவரிடம் மட்டுமே இருக்கும். ஒரு திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் நான்கு வீரர்கள்: காட்டுவீரன், குள்ளன், எல்ஃப் என்ற கூர்காது வனவாசி, மந்திரவாதி. பலகை தொடக்கத்தில் காலியாக இருக்கும், ஒரு படிக்கட்டைத் தவிர. வீரர் கதவைத் திறந்ததும், உள்ளே என்ன இருக்கிறதோ அதைச் சார்கான் எடுத்து வைக்கிறார்: கல்லறை, புத்தக அலமாரி, புதையல் பெட்டி, மூலையில் பதுங்கிய எலும்புக்கூடு. ஆட்டத்துக்கு முன் அடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. அரைமணிக் கவலை இங்கே ஐந்து நிமிடமாகிவிட்டது.

சண்டைக்குத் தனிப் பகடை. ஆறு முகத்தில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒன்று கறுப்புக் கேடயம். அடிப்பவர் மண்டையோட்டை எண்ணுகிறார். தடுக்கும் வீரனுக்கு வெள்ளைக் கேடயம், தடுக்கும் அரக்கனுக்குக் கறுப்புக் கேடயம். அடி விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தடுக்கும் வாய்ப்பு வீரனுக்கு ஆறில் இரண்டு, அரக்கனுக்கு ஆறில் ஒன்றுதான். எனவே கை எப்போதும் வீரர்கள் பக்கம் சற்று ஓங்கியிருக்கும். அனுபவமில்லாத பிள்ளையும் உற்சாகம் குறையாமல் ஆடலாம். சண்டையில் படிக்க எழுத்தே வேண்டாம், மண்டையோடு யாருக்கும் தெரியும். மகன் காட்டுவீரனை எடுத்தான். மூன்று பகடை அடி, எட்டு உயிர். ஒவ்வொரு கதவருகிலும் நின்று, “அம்மா, திறக்கலாமா?” என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆறு மாதமாக அலைந்தேன்.

முதல் ஆட்டத்தில் தோழியின் கணவர் சார்கானாக இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த அத்தை, “இது ஆடுபுலிதானே? புலி ஒண்டியாக நிற்கிறது” என்றார். உண்மைதான். ஆடுபுலியில் மூன்று புலிக்கு எதிரே 15 ஆடுகள். பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். இங்கே எண்ணிக்கையும் இருட்டும் சார்கானிடம், பலம் வீரர்களிடம். இரண்டாவது ஆட்டத்தில் அத்தையைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். வரைபடத்தின் குறிகளை மகள் ஒருமுறை காட்டிக்கொடுத்தாள். பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல், வாசலை அடைத்து நிறுத்திவிட்டு மந்திரவாதி தனியாகும்வரை காத்திருந்தார். நான்கே உயிர் உள்ள மந்திரவாதி நான்தான். என்னைத்தான் முதலில் எடுத்தார்.

ஆள் குறைகிற நாளுக்கும் இதில் வழி இருக்கிறது. நான்கு வீரர்களும் எப்போதும் இறங்கலாம். வராதவரின் வீரனை இன்னொருவர் சேர்த்து நடத்தினால் போதும். தம்பி இல்லாத ஞாயிற்றில் அவனுடைய குள்ளன் காணாமல் போவதில்லை, பொன்னும் ஆயுதமும் சேர்த்து அவனுக்காகக் காத்திருப்பான். சார்கானாக இருக்க யாரும் இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்ய இலவசச் செயலி ஒன்றும் உண்டு.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நடை முழுவதும் இரண்டு பகடையின் கையில். காலி நடைபாதையில் இரண்டு, மூன்று என்று விழுந்து ஊர்ந்துகொண்டே போகும்போது பொறுமை சோதிக்கப்படுகிறது. வீரர்கள் பொன் கொடுத்து ஆயுதம் வாங்குவார்கள். அதற்கு மேல் வளர்ச்சி இல்லை. மொத்தம் 14 சாகசங்கள். ஜாஸ் ஆஃப் தி லயன் ஆடிப் பழகிய என் மகளுக்கு இந்தச் சண்டை ஒரே மாதிரியாகத் தோன்றுகிறது. அவள் சொல்வது சரி. யோசித்து ஆடும் சுகம் இதில் பாதிகூட இல்லை.

நடுவழியாகக் காசில் ரேவன்லாஃப்டும் இருக்கிறது. 2010இல் வந்த கூட்டு ஆட்டம், ஐந்து பேர்வரை. இரத்தக் காட்டேரி ஸ்ட்ராடின் கோட்டைக்கு அடியில் உள்ள அறைகளை ஒவ்வொரு துண்டாகக் கவிழ்த்துத் திறக்கிறோம், எனவே ஒருமுறை பார்த்த நிலவறை மறுமுறை வராது. முலுண்டில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு முறை ஆடினேன். புதிய துண்டைத் திறந்தால் புதிய அரக்கன் வருவான். திறக்காமல் நின்றால் கெட்ட நிகழ்வு அட்டை ஒன்றை எடுக்க வேண்டும். நிற்கவும் விடாது, ஓடவும் விடாது. எல்லோருக்கும் சேர்த்து இரண்டே உயிர்மீட்பு வாய்ப்புகள். அவை தீர்ந்தபின் ஒருவர் விழுந்து எழ முடியாவிட்டால் மொத்தக் குழுவும் தோற்றது. ஒரு மணி நேரத்தில் முடியும், ஒவ்வொரு சாகசமும் தனித்தனி, யார் வந்தாலும் ஆடலாம். இவ்வளவும் எங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் நிகழ்வு அட்டைகள் இடைவிடாமல் வந்து தலையில் விழுகின்றன. நாம் செய்த தவறால் அடிபட்டோம் என்ற உணர்வு கிடைப்பதில்லை. அத்தைக்கு இதில் புலியின் இடமும் இல்லை.

மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ் (2012) சின்னப் பிள்ளைகளுக்கு என் முதல் பரிந்துரை. இளவரசனும் கூட்டாளிகளும் எலிகளாக மாறி, அரண்மனையின் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் அலைகிறார்கள். பகடையில் பாலாடைக்கட்டி விழுந்தால் சேர்த்துவைத்துச் சிறப்புத் திறன்களுக்குச் செலவழிக்கலாம். 11 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் நீண்ட கதை. ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இது கதை கேட்கும் நேரமாகவே மாறிவிடும். என் மகனுக்கு இன்னும் இரண்டு வயது குறைவாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

மற்ற இரண்டை விரைவாகச் சொல்கிறேன். டிசென்ட்: லெஜெண்ட்ஸ் ஆஃப் தி டார்க் (2021) அட்டையில் செய்த மாடிகளும் படிகளும் கொண்ட அழகான பெட்டி, ஆனால் செயலி இல்லாமல் ஆட முடியாது. பிள்ளைகளின் கண்களைத் திரையிலிருந்து எடுக்கத்தானே இத்தனையும்? விதிப்புத்தகத்தோடு நிறுத்திவிட்டேன். செக் நாட்டிலிருந்து வந்த காரக், 7 வயதுப் பிள்ளைகளும் ஆடக்கூடியது. துண்டைக் கவிழ்த்து, இரண்டு பகடை உருட்டிச் சண்டை, வாசிக்க எதுவும் இல்லை. ஒருவரோடு ஒருவர் போட்டி என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. முதன்முதலில் தொடங்கும் குடும்பத்துக்கு நல்ல வாசல்.

விலை விஷயம். அமெரிக்காவில் அறிவித்த விலை குளூம்ஹேவனுக்கு 140 டாலர், ஜாஸ் ஆஃப் தி லயனுக்கு 50, ஹீரோகுவெஸ்டுக்கு 125, ரேவன்லாஃப்டுக்கு 65. இந்தியாவில் இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து விலை கடைக்குக் கடை மாறுகிறது. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். ஒரு சாகசத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் குளூம்ஹேவன் ஒன்றரை டாலர், ஜாஸ் இரண்டு டாலர், ஹீரோகுவெஸ்ட் ஒன்பது டாலர். கணக்கில் ஹீரோகுவெஸ்ட் படுதோல்வி. ஆனால் நாங்கள் 95இல் எட்டை ஆடிவிட்டு நிறுத்தினால் குளூம்ஹேவனில் ஒன்றுக்குப் பதினேழரை டாலர் ஆகிறது. ஹீரோகுவெஸ்டின் 14 முடிந்த பிறகு, அதே பலகையில் நாமே சாகசம் வரையலாம். கதவும் கல்லறையும் எங்கே என்று ஒரு கட்டத்தாளில் குறித்தால் போதும்.

மும்பையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். சென்ற ஜூலையில் இணையத்தில் வாங்கிய ஒரு சீட்டு விளையாட்டு ஒரு மூலை நனைந்து வந்து சேர்ந்தது. காய்ந்த பிறகு சீட்டுகள் அப்பளம்போல் வளைந்துவிட்டன, விற்றவர் மாற்றித்தரவில்லை. அட்டைகளை நம்பி நிற்கும் விளையாட்டுகளுக்கு, குறிப்பாகக் குளூம்ஹேவன் வகைக்கு, இது பெரிய ஆபத்து. ஓர் அட்டை வளைந்தால் கவிழ்த்து வைத்தாலும் அது எது என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் உறை கட்டாயம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டு, மழை அறையும் சுவரை ஒட்டாமல் பீரோவுக்குள் வையுங்கள். மழை முடிந்து அக்டோபரில் வரவழைப்பது இன்னும் நல்லது.

நாங்கள் வாங்குவது ஹீரோகுவெஸ்ட். மகளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே ஜாஸ் ஆஃப் தி லயன் அவள் பெயரில் வரும். பீரோவின் மேல்தட்டில் இருந்த பழைய சூட்கேஸை இறக்கி இடம் அளந்தாகிவிட்டது. வாஷித் தோழி சாகசப் புத்தகத்தைக் கொடுத்து உதவினார். பாட்டிக்காக ஒவ்வொரு சாகசத்தின் குறிப்பையும் மகள் கோடுபோட்ட நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று முடிந்திருக்கின்றன. நேற்று இரவு பாய் விரித்த பிறகும் விளக்கை அணைக்கவிடாமல், அத்தை இரண்டாவது சாகசத்தின் பக்கத்தில் விரலை வைத்து, எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார்.